நோய் ஒன்று, துறைகள் பல

வவுனியா மாவட்டத்துக் கிராமம் ஒன்று. கமக்காரர் அமைப்பின் கூட்டம் முடிந்து மரநிழலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கிளினிக்குக்குப் போய் வருபவர்.

"ஃபாதர், டொக்டர் ஐயா நிறையத் தண்ணி குடியெண்டு சொல்லுறார். தண்ணியைச் சோதிக்க வந்த தம்பி இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்காதையெண்டு சொல்லிப்போட்டுப் போறார். விவசாயக் கந்தோர் ஆக்கள் மருந்தைக் குறையெண்டினம். குறைச்சால் களையை ஆர் புடுங்கிறது? எல்லாரும் படிச்ச ஆக்கள். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அறிவுரை கூறிய மூவரும் தத்தம் துறையில் சரியானதையே கூறியிருந்தனர். ஆனால் மூன்று சரியான அறிவுரைகளும் சேர்ந்து ஒரு மனிதரை வழி தெரியாமல் நிற்க வைத்துவிட்டன. காரணம் எளிது. அந்த மூவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் சந்தித்ததில்லை.

பல்துறைப் பணி என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். எமது திட்ட அறிக்கைகளிலும் தவறாமல் எழுதுகிறோம். அச்சொல் உண்மையில் எதைக் கேட்கிறது, அது இல்லாதபோது யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை, எமது வரண்ட பிரதேசத்தைப் பல ஆண்டுகளாக வாட்டிவரும் சிறுநீரக நோயை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

காரணம் அறியப்படாத நோய்

1990 களில் வட மத்திய மாகாணத்து வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கவனித்தார்கள். நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பொதுவான காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஆகும். இவை இரண்டும் இல்லாத விவசாயிகள், சிறுநீரகம் பெரும்பாலும் பழுதடைந்த நிலையில் வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினர். மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டை, வில்கமுவ ஆகிய பகுதிகள் ஒவ்வொன்றாக இந்தப் பட்டியலில் சேர்ந்தன. வவுனியா மாவட்டமும் தப்பவில்லை. நோய்க்குக் காரணம் தெரியாதபடியால் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பதே அதன் பெயராயிற்று.

இது ஓசையின்றி வரும் நோய். சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதியைவிட, அதன் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையுமே முதலில் தாக்குகிறது. ஆகவே தொடக்க காலத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் வெளிப்படுவதில்லை. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். களைப்பும் வீக்கமும் வாந்தியும் தோன்றும்போது காலம் கடந்திருக்கும். அதன் பின் இரத்தச் சுத்திகரிப்பு, நகரத்துக்கு ஓயாத பயணம், விற்கப்படும் மாடுகள், பாடசாலையை இடைநிறுத்தும் மூத்த பிள்ளை என்று ஒரு குடும்பத்தின் கதை தொடரும்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு குற்றவாளி

காரணத்தைத் தேடிப் பல துறையினர் புறப்பட்டனர். அவர்கள் கண்டவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

புவியிரசாயனவியலாளர் நிலத்தடி நீரைப் பார்த்தனர். அங்கே புளோரைட்டும் வன்மையும் கூடுதலாக இருந்தன. வன்னீர் என்பது சவர்க்காரம் இலகுவில் நுரைக்காத, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவை விடும் நீர். இரசாயனவியலாளர் சிலர் சமையலறையைப் பார்த்தனர். புளோரைட்டு உள்ள நீரில் புளியும் சேர்த்து அலுமினியச் சட்டியில் சமைத்தால் அலுமினியம் கரைகிறது என்றனர். மண்ணையும் உரத்தையும் ஆராய்ந்தவர்கள் பொசுபேற்று உரத்தோடு வரும் கட்மியத்தைச் சுட்டினர். 2011 இல் ஒரு குழுவினர் ஆசனிக்கு என்று கூறியது நாடெங்கும் பெரும் விவாதமாயிற்று. 2014 இல் கிளைபோசேட் என்னும் களைநாசினி, வன்னீருடனும் உலோகங்களுடனும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்ற கருதுகோள் வெளியாயிற்று. நீர்நிலைகளில் வளரும் நீலப்பச்சைப் பாசியின் நச்சைச் சிலர் ஐயுற்றனர். பரம்பரை அலகுகளை ஆராய்ந்தவர்களும் உண்டு. தொழிற்சுகாதாரம் பயின்றவர்கள் கொளுத்தும் வெயிலில் நீர் அருந்தாமல் நாள் முழுவதும் உழைப்பதைச் சுட்டிக்காட்டினர்.

இவர்களுள் எவரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தமது கருவி எதைக் காட்டக்கூடியதோ அதைக் கண்டார்கள். உலோகத்தை அளக்கும் கருவி உலோகத்தைக் காட்டும். அது வெயிலைக் காட்டாது. வெயிலை அளப்பவருக்குச் சட்டியின் அலுமினியம் தெரியாது.

யார் எங்கே நின்று பார்க்கிறார் என்பதற்கேற்ப நோயின் முகமே மாறிவிடுகிறது. இதற்கு ஓர் உதாரணம் உண்டு. வைத்தியசாலைப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு இது ஆண் விவசாயிகளின் நோய். சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2013 இல் வெளியான ஆய்வில், அனுராதபுரம், பொலனறுவை, பதுளை மாவட்டங்களில் மக்களிடையே கணக்கெடுத்தனர். அதில் நோயுள்ள பெண்கள் 16.9 வீதமாகவும் ஆண்கள் 12.9 வீதமாகவும் இருந்தனர். ஆனால் நோய் முற்றிய கட்டங்களில் ஆண்களே மிகக் கூடுதலாக இருந்தனர். அதாவது வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த ஆண்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தபோது, தொடக்கக் கட்டத்திலிருந்த பெண்கள் வீட்டில் அடுப்படியில் இருந்தார்கள். எண்ணும் இடத்தை மாற்றியதும் கேள்வியும் மாறியது.

அதே ஆய்வு நோயாளரின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்ததைக் கண்டபோதிலும், ஒன்றையே குற்றவாளியாக்கவில்லை. பல காரணிகள் சேர்ந்து செயற்படுகின்றன என்ற திசையையே காட்டியது. இன்றுவரை தனியொரு காரணம் நிறுவப்படவில்லை. இதே போன்ற நோய் மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிக்கரகுவா ஆகிய நாடுகளின் கரும்புத் தொழிலாளரிடையிலும், ஆந்திராவின் உத்தானம் பகுதி விவசாயிகளிடையிலும் காணப்படுகிறது. எல்லா இடங்களிலும் பாதிக்கப்படுவோர் வெப்பமான நிலத்தில் உடலால் உழைக்கும் ஏழைகளே.

ஒரு துறையின் பதிலை நாட்டின் பதிலாக்கினால்

விஞ்ஞானிகள் கருதுகோளை முன்வைப்பது தவறன்று. அதுவே அவர்களின் பணி. ஆனால் ஒரு துறையின் கருதுகோள், மற்றத் துறைகளின் சோதனைக்கு உட்படுமுன் சட்டமாகும்போது ஆபத்து வருகிறது.

2015 இல் எமது நாட்டில் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022 இல் தடை நீக்கப்பட்டது. 2021 இல் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டபோது கூறப்பட்ட நியாயங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. விளைச்சல் வீழ்ந்தது. விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். அந்த ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது.

இரசாயனங்களை அளவின்றிப் பாவிப்பதை நான் ஆதரிக்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. களைநாசினியை நிறுத்தினால் களையை அகற்றக் கூலியாள் எங்கே, அதற்கு ஏக்கருக்கு என்ன செலவு என்பது பொருளியலாளரும் விவசாயியும் பதிலளிக்க வேண்டிய கேள்வி. சேதன உரத்தால் எவ்வளவு நைதரசனை ஒரு போகத்துக்குள் கொடுக்க முடியும் என்பது பயிரியலாளரின் கேள்வி. தடையால் நோய் குறைகிறதா என்பதை எப்படி அளப்பது என்பது தொற்றுநோயியலாளரின் கேள்வி. இவர்களை ஒரு மேசையில் முன்கூட்டியே அமர்த்தாததன் விலையை வயலில் நின்றவனே கொடுத்தான்.

அரை நூற்றாண்டு எடுத்த ஒரு விடை

துறைகள் பேசிக்கொள்ளாவிட்டால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. டானியூப் நதியின் கிளையாறுகள் ஓடும் பல்கேரியா, ருமேனியா, சேர்பியா, பொஸ்னியா, குரோசியா நாட்டுக் கிராமங்களில் எமது நோயைப் பெரிதும் ஒத்த ஒரு சிறுநீரக நோய் நிலவியது. 1956 இல் பல்கேரியாவில் அது மருத்துவ உலகுக்கு விபரிக்கப்பட்டது. அங்கும் உலோகம், பூஞ்சண நச்சு, வைரசு, பரம்பரை என்று ஒவ்வொரு துறையும் ஒரு விடையைச் சொன்னது.

1969 இல் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த இவிச் என்னும் ஆய்வாளர் கோதுமை வயலைப் பார்த்தார். பயிரினூடே வளரும் ஒரு களையின் விதை அறுவடையில் தானியத்தோடு கலந்து, மாவாகி, பாணில் சேர்கிறது என்றும், அதுவே காரணமாகலாம் என்றும் எழுதினார். அக்களை அரிஸ்டோலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவர் கூறியதை ஏனையோர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1993 இல் பெல்ஜியத்து வைத்தியர்கள் வேறொரு செய்தியை வெளியிட்டனர். உடல் மெலிவதற்கு மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. மாத்திரையில் தவறுதலாகச் சேர்ந்திருந்ததும் அதே இனத்தைச் சேர்ந்த ஒரு செடியே. அப்பெண்களின் சிறுநீரக இழையம் டானியூப் கிராமத்தவரின் இழையத்தை ஒத்திருந்ததைக் கண்டபோதுதான் பழைய கோதுமை வயல் நினைவுக்கு வந்தது. 2007 இல் மூலக்கூற்று விஞ்ஞானிகளும் குரோசிய வைத்தியர்களும் சேர்ந்து, அச்செடியின் நச்சு விட்டுச்செல்லும் அடையாளத்தை நோயாளரின் சிறுநீரக இழையத்திலேயே காட்டினர்.

வயலைப் பார்த்தவர், நோயாளியைப் பார்த்தவர், மூலக்கூற்றைப் பார்த்தவர் ஆகிய மூவரிடமும் விடையின் ஒவ்வொரு துண்டு இருந்தது. முதலாவது துண்டு 38 ஆண்டுகள் காத்திருந்தது.

இச்செடியின் உறவினர் எமது மண்ணிலும் உண்டு. ஆடுதின்னாப்பாளை அந்த இனத்ததே. ஆடு தின்னாத செடி என்று அதற்குப் பெயரிட்டவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலவில்லை. ஆடு மேய்த்தவர் கண்டதும் அறிவுதான். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் எமது துறைகளில் எத்தனைக்கு உண்டு?

பிரிந்து நிற்பது ஏன்?

துறைகள் பிரிந்திருப்பதே பிழை என்று கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு கூறமாட்டேன். ஒரு துறையில் ஆழமாகப் பயிலாதவர் சேர்ந்து வேலை செய்யும்போது கொடுப்பதற்கு எதுவும் இருக்காது. இரத்தத்தைச் சோதிப்பவர் சரியாகச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்த ஐந்து பேர் கூடினால் அது பல்துறைக் குழு ஆகாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு சொந்தத் துறையின் சஞ்சிகையில் எழுதுவதைப் பொறுத்தது. அரச நிருவாகமும் அப்படியே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுகாதாரத் திணைக்களத்துக்குப் பதில் சொல்கிறார். விவசாயப் போதனாசிரியர் விவசாயத் திணைக்களத்துக்கும், கமநல சேவை நிலையத்தார் தமது திணைக்களத்துக்கும், நீர் வழங்கல் சபையின் உத்தியோகத்தர் தமது சபைக்கும் பதில் சொல்கின்றனர். ஒரே கிராமத்தில் பணிபுரியும் இவர்கள், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் தத்தம் அறிக்கையை வாசிக்கும்போது மட்டும் ஒரே மண்டபத்தில் இருக்கின்றனர். நோயாளியின் வீட்டு முற்றத்தில் ஒன்றாக நின்றதில்லை.

ஐந்து துறையினர் எழுதிய ஐந்து அறிக்கைகளை ஒரே அட்டைக்குள் கட்டினால் அதையும் பல்துறை ஆய்வு என்றே அழைக்கிறோம். உண்மையில் அது அருகருகே உழைப்பது. சேர்ந்து உழைப்பது என்றால், அடுத்தவர் சொன்னதைக் கேட்டபின் எனது கேள்வி மாற வேண்டும்.

எங்கள் தவறு

பிறரைக் குறைகூறும் முன் என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 2010 ஆம் ஆண்டளவில் மீள்குடியேறிய மக்களுக்குக் குடிநீர் கொடுக்க நாங்கள் அவசர அவசரமாகக் குழாய்க்கிணறுகளை அமைத்தோம். நீரில் கிருமிகள் உண்டா என்று சோதித்தோம். இல்லை என்று வந்ததும் மகிழ்ந்தோம். படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பினோம். பாறையைப் பற்றித் தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

ஏழெட்டு ஆண்டுகளின் பின், ஒரு கிராமத்துப் பிள்ளைகளின் முன்பற்களில் வெண்திட்டுகளும் மண்ணிறக் கறையும் இருப்பதைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவர் எமக்குக் காட்டினார். புளோரைட்டின் அடையாளம் அது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். நாங்கள் கொடுத்த நீர் அது.

வங்காளதேசத்தில் இதைவிடப் பெரிய அளவில் இவ்வாறு நடந்திருக்கிறது. 1970 களிலிருந்து வயிற்றோட்டத்தைத் தடுக்க இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் அமைக்கப்பட்டன. நீரில் கிருமி இல்லை. ஆனால் ஆசனிக்கு இருந்தது என்பது 1990 களிலேயே உணரப்பட்டது. நல்ல மனமும் ஒரு துறையின் அறிவும் மட்டும் போதா என்பதற்கு இவை சான்று.

ஒரே சொல், இரு பொருள்

சேர்ந்து உழைக்கும்போது முதலில் இடறுவது சொல்லில்தான். ஒரு கணக்கெடுப்பின்போது நகரத்திலிருந்து வந்த மருத்துவ மாணவர் ஒரு விவசாயியிடம், "மருந்து ஏதும் பாவிக்கிறனீங்களோ?" என்று கேட்டார். "ஓம், போகத்துக்கு மூண்டு தரம்" என்றார் விவசாயி. மாணவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மாணவருக்கு மருந்து என்றால் குளிசை. கமக்காரருக்கு மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது. அருகிலிருந்த குடும்பநல உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டே திருத்தியிராவிட்டால், அந்தப் பிழையான பதில் ஒரு புள்ளிவிபரமாகியிருக்கும்.

'பாதுகாப்பானது' என்ற சொல்லும் அப்படித்தான். கிருமியியலாளருக்குக் கிருமியற்ற நீர் பாதுகாப்பானது. இரசாயனவியலாளருக்கு நியம அளவைத் தாண்டாத நீர் பாதுகாப்பானது. வீட்டுத் தலைவிக்கு வாயில் வைக்கக்கூடிய, பருப்பு அவியக்கூடிய நீரே நல்ல நீர். இந்த மூன்றையும் ஒரே பலகையில் எழுதி வைத்துப் பேசாதவரை கூட்டம் நடக்கும், உடன்பாடு வராது.

செய்யக்கூடியவை

எமது பிரதேசத்தில் திட்டங்களை நடத்துவோருக்கும் ஆய்வாளரை வரவேற்போருக்கும் அனுபவத்தில் கற்ற சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. கேள்வியைச் சேர்ந்து எழுதுங்கள். திட்டம் வரையப்பட்டு, பணமும் ஒதுக்கப்பட்ட பின்னர் ஒரு சமூகவியலாளரைச் சேர்த்துக்கொள்வது சடங்கு. முதல் நாளே எல்லாரும் கிராமத்தில் அமர்ந்து, மக்களின் கேள்வி எது என்று கேட்டு எழுதுவதே தொடக்கம்.

2. ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே காலம். மாரி முடிந்து கிணறு நிரம்பியிருக்கும்போது உள்ள நீர் வேறு, ஓகஸ்ட் மாதத்தில் அடியில் கிடக்கும் நீர் வேறு. ஒரு குழு ஒரு கிராமத்தில் தை மாதம் நீரை எடுத்து, இன்னொரு குழு வேறு கிராமத்தில் ஆவணியில் இரத்தத்தை எடுத்தால் அவற்றைப் பொருத்த முடியாது. எந்தக் கிணற்று நீரை யார் எத்தனை வருடம் குடித்தார் என்பதோடு சேர்த்தே மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும்.

3. சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சொற்கள் போதும். மருந்து, பாதுகாப்பு, அளவு, களைப்பு, வெயில் என்பவற்றால் ஒவ்வொருவரும் எதைக் கருதுகிறார் என்று எழுதுங்கள்.

4. ஊரவரின் அவதானத்தைச் சான்றாக ஏற்றுச் சோதியுங்கள். நோய் பரவிய கிராமங்களிலும் இயற்கை ஊற்று நீரைக் குடித்த குடும்பங்களில் நோய் இல்லை என்பது ஆய்வாளர் கவனத்துக்கு வந்த முக்கியமான தடயங்களில் ஒன்று. இத்தகைய வேறுபாட்டை முதலில் காண்பவர் அயலில் வாழ்பவரே. ஊரவர் சொன்னதெல்லாம் சரி என்று கொள்ளவும் வேண்டாம். அவர்களின் சொல்லையும் ஆய்வுகூடத்தின் சொல்லைப் போலவே சோதியுங்கள்.

5. முடிவைத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் கிராமங்களில் இரத்தமும் சிறுநீரும் நீரும் பல தடவை எடுக்கப்பட்டுள்ளன. போத்தல்கள் போயின, முடிவுகள் வரவில்லை. அடுத்த தடவை கேட்கும்போது மக்கள் கதவைச் சாத்தினால் அவர்களைக் குறைசொல்லலாகாது.

6. முழு விடைக்காகக் காத்திருக்காமல், எல்லாத் துறைகளும் ஒப்புக்கொள்வதை இன்றே செய்யுங்கள். எல் சல்வடோரில் கரும்பு வெட்டுவோரிடையே 2014, 2015 அறுவடைக் காலத்தில் இவ்வாறு ஒரு முயற்சி நடந்தது. நோய்க்காரணம் பற்றிய விவாதம் முடியவில்லை. எனினும் வைத்தியரும் தொழிற்சுகாதார அறிஞரும் ஆலை நிருவாகமும் சேர்ந்து, தொழிலாளர் முதுகில் சுமந்து செல்லக்கூடிய நீர்ப்பை, இடம் மாற்றக்கூடிய நிழற்கூடாரம், ஒழுங்கான ஓய்வு, கைக்கு இசைவான வெட்டுக்கத்தி ஆகியவற்றை வழங்கினர். வெட்டிய கரும்பின் அளவு குறையவில்லை, கூடியது. நிருவாகத்தின் கணக்கும் வைத்தியரின் கணக்கும் ஒரே தாளில் வந்தபடியால்தான் இது தெரிய வந்தது.

அந்த விவசாயியின் முற்றத்தில்

தொடக்கத்தில் கூறிய விவசாயியின் கேள்விக்கு வருகிறேன். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தகுதியுள்ளவர்களைக் கூட்டி வர முடியும். ஒரு சனிக்கிழமை காலை வைத்தியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விவசாயப் போதனாசிரியர், நீர் பற்றித் தெரிந்த தொழினுட்ப உத்தியோகத்தர் ஆகிய நால்வரையும் அவரது வீட்டு முற்றத்துக்கு அழைத்தோம். கட்டணம் இல்லை, பதாகை இல்லை. நால்வரையும் ஒரே நாளில் வரச் செய்ய மூன்று மாதம் பிடித்தது.

இரண்டரை மணித்தியாலத்தில் சில விடயங்கள் தெளிந்தன. நிறையத் தண்ணீர் குடிக்கும்படி வைத்தியர் கூறியது, அவர் கிணற்று நீரைப் பற்றி எதுவும் அறியாமல் கூறியது. உவர்த்தன்மை காரணமாக அவர் அந்த நீரைக் குறைவாகவே குடித்து வந்தார் என்பது வைத்தியருக்குப் புதுச் செய்தி. எவ்வளவு நீர் என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது என்றும், முற்றியவர்களுக்கு அளவைக் குறைக்கவும் நேரும் என்றும், அயல்வீட்டு நோயாளி இவரைப் பார்த்துப் பின்பற்றக்கூடாது என்றும் வைத்தியர் விளக்கினார்.

விவசாயப் போதனாசிரியர், சிபார்சு செய்த அளவுக்கு மேல் களைநாசினி ஏன் என்று கேட்டார். "சொன்ன அளவு போட்டால் களை சாகாது சேர்" என்றார் விவசாயி. உடனே தொழினுட்ப உத்தியோகத்தர், எந்த நீரில் கலக்கிறீர்கள் என்று கேட்டார். அதே கிணற்று நீர். அவர் பாவித்தது கிளைபோசேட். வன்னீரிலுள்ள கல்சியம் அதைப் பிடித்துக்கொள்வதால் அதன் வலு குறைகிறது. வலு குறைவதால் அவர் அளவைக் கூட்டுகிறார். இந்தச் சங்கிலி நால்வரில் எவருடைய அறிக்கையிலும் இருக்கவில்லை. நால்வரும் ஒன்றாக நின்றபோது ஐந்து நிமிடத்தில் வெளிவந்தது.

ஊரிலுள்ள நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நடந்து சென்றோம். வடிகட்டியபின் மிஞ்சும் செறிந்த கழிவுநீர் ஒரு வாய்க்காலால் அயல் தோட்டமொன்றின் கிணற்றுப் பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருக்கு நல்ல நீர் கொடுத்து அடுத்தவருக்கு உப்பைக் கொடுக்கும் ஏற்பாடு அது. வாய்க்காலைத் திருப்புவதாகப் பரிசோதகர் பொறுப்பேற்றார். உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் குளிசைகள் சிறுநீரகத்துக்குக் கேடு என்பதையும் அன்றுதான் அவரது மனைவி அறிந்தார். வயலால் வந்ததும் இரண்டு குளிசை என்பது அவர்களது வழக்கமாக இருந்தது.

முடிவில் நால்வரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டனர். சுத்திகரித்த நீரை, வைத்தியர் குறித்த அளவில், போத்தலில் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுப்பகல் வெயிலில் வேலையை நிறுத்தி நிழலில் இருக்க வேண்டும். களைநாசினியைக் கலக்கச் சேமித்த மழைநீரைப் பாவித்து, சிபார்சு செய்த அளவோடு நிறுத்த வேண்டும். வலிக்குளிசையை வைத்தியரைக் கேளாமல் எடுக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும். மனைவிக்கும் மூத்த மகனுக்கும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

இதில் பெரிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. நோய்க்குக் காரணத்தை நாங்கள் கண்டுபிடித்துவிடவுமில்லை. அண்மையில் அவரைக் கண்டபோது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "வருத்தம் மாறேல்லை ஃபாதர். கூடவும் இல்லை. ஆனா இப்ப எல்லாரும் ஒரு சொல்லாச் சொல்லுகினம்" என்றார்.

அந்தத் தாள் அவரது வீட்டுச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதே கிராமத்தில் இன்னும் பதினொரு வீடுகளில் சிறுநீரக நோயாளர் உள்ளனர். அடுத்த சனிக்கிழமைக்கான திகதியை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.